விளம்பரத் தடுப்பு வேலை செய்யவில்லையா? என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்

போச்சம்பள்ளியில் இணைய சேவை மையம் நடத்தும் அக்கா ஒருவருக்கு, கடையின் நெட்வொர்க் முழுவதற்குமாக விளம்பரத் தடுப்பு அமைத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தேர்வு விண்ணப்பத்துக்குப் போட்டோவை 50 கேபிக்குள் சுருக்க வேண்டும். அதற்கு எல்லோரும் போவது ஏதாவது ஓர் இலவச தளம். அங்கே பச்சை நிறத்தில் பெரிதாக 'டவுன்லோட்' என்று இருப்பது விளம்பரம். உண்மையான பட்டன் அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாகக் கிடக்கும். வேலைக்கு இருந்த பெண் பச்சையை அழுத்திவிட்டாள். அதன்பின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இன்னொரு பக்கம் தானாகத் திறந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், வாசல் வரை பிள்ளைகள் நிற்கிறார்கள், இரண்டு கம்ப்யூட்டர் அன்று முழுக்கப் படுத்துவிட்டது. விளம்பரத் தடுப்பைச் சொகுசு என்று யார் சொன்னாலும் அந்த நாள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

கிருஷ்ணகிரியிலிருந்து போச்சம்பள்ளிக்கு பஸ் பிடித்துப் போய் வேலையை முடித்துத் திரும்ப அரை நாள் ஆகும். அதனால் போன் வந்தவுடன் நான் கேட்பது "என்ன தெரியுது?" என்பதைத்தான். கீழே இருப்பவை அப்படிப் போனில் கேட்ட குறைகள். பெரும்பாலும் பை-ஹோலை வைத்துச் சொல்கிறேன். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் போட்டு, நெட்வொர்க் முழுவதற்கும் விளம்பரத்தைத் தடுக்கும் இலவச மென்பொருள் அது; அந்தக் கம்ப்யூட்டரைத்தான் கீழே 'பை' என்கிறேன். அதே வேலையைச் செய்யும் அட்கார்ட் ஹோம் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்; பட்டன்களின் பெயரும் சில அமைப்புகளும் மாறும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், திரையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

"போட்டது போட்டபடி இருக்கு, விளம்பரம் அப்படியே வருது"

இந்த ஒரு குறையைப் புரிந்துகொண்டால் மற்றதில் பாதி தானாக விளங்கிவிடும். ஒரு பக்கம் திறக்கும்போது கம்ப்யூட்டர் செய்யும் முதல் வேலை பெயர் கேட்பது. இந்தப் பெயருக்கு எண் முகவரி என்ன என்று டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். பை-ஹோல் அந்தக் கேள்விக்கு நடுவில் உட்கார்ந்து, விளம்பர சர்வரின் பெயர் வந்தால் 0.0.0.0 என்று பதில் சொல்லிவிடுகிறது. அப்படி ஒரு முகவரிக்குப் போக முடியாது, விளம்பரமும் வராது. ஆனால் கம்ப்யூட்டர் வேறு யாரிடமாவது கேட்டுவிட்டால் பை-ஹோலுக்கு விஷயமே தெரியாது. ஆகவே தடுக்க வேண்டிய பெயர்களின் பட்டியலைக் கூட்டுவதற்கு முன், மறுபடி இன்ஸ்டால் செய்வதற்கு முன், இந்தக் கம்ப்யூட்டர் யாரிடம் கேட்கிறது என்று பாருங்கள்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'என்எஸ்லுக்அப்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 'ஏடி டாட் டபுள்கிளிக் டாட் நெட்' என்று அடியுங்கள். கூகுள் நிறுவனம் 2008 முதல் வைத்திருக்கும் விளம்பர சர்வரின் பெயர் அது; பெரும்பாலான தடுப்புப் பட்டியல்களில் இருக்கும். வரும் பதிலில் மேலே இரண்டு வரிகள் பதில் சொன்னது யார் என்று காட்டும், கீழே இருப்பது பதில். கீழே 0.0.0.0 என்று இருந்தால் பை-ஹோல் சரியாக இருக்கிறது, கோளாறு பிரவுசரில். வேறு ஏதோ எண் இருந்தால் மேலே உள்ள 'அட்ரஸ்' வரியைப் படியுங்கள். அதில் உங்கள் ராஸ்பெரி பையின் முகவரி இல்லையென்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

அடுத்து 'ஐபிகான்ஃபிக்', இடைவெளி, சாய்கோடு, 'ஆல்'. நீளமாக வரும். 'டிஎன்எஸ் சர்வர்ஸ்' என்ற வரி ஒன்றுதான் வேண்டும். அங்கே நான் அடிக்கடி பார்ப்பது மூன்று.

முதலாவது, பையின் முகவரிக்குக் கீழே கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8 இருக்கும். "பை நின்னுபோனா நெட் நிக்கக் கூடாதுன்னு சேஃப்டிக்குப் போட்டேன் சார்" என்பார்கள். இரண்டாவது சர்வர் என்பது முதலாவது செத்தால் மட்டும் எழுந்து வருவதற்கென்று கணினி எண்ணுவதில்லை. முதலாவது கொஞ்சம் தாமதித்தாலே இரண்டாவதிடம் போகும். சில கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். தோட்டத்துக்கு இரண்டு படல் வைத்து ஒன்றை மட்டும் சாத்தினால் ஆடு மேயாமல் போகுமா? 8.8.8.8-ஐ எடுத்துவிடுங்கள். மாற்று ஏற்பாடு கட்டாயம் வேண்டுமென்றால் இன்னொரு பழைய கம்ப்யூட்டரில் இரண்டாவது பை-ஹோல் போட்டு அதன் முகவரியைக் கொடுங்கள்.

இரண்டாவது, 'எஃப்ஈ80' என்று தொடங்கும் நீண்ட முகவரி மேலே நிற்கும். இது ரவுட்டரின் ஐபிவி6 முகவரி, அதாவது புது வகை நீண்ட முகவரி; 192.168 என்பது போல வரும் பழைய வகைதான் ஐபிவி4. ரவுட்டரில் ஐபிவி4 டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்றியிருப்பீர்கள்; ஐபிவி6 பக்கம் அது "என்னிடம் கேள்" என்று எல்லாக் கருவிகளுக்கும் தானாக அறிவித்துக்கொண்டே இருக்கும். இப்போது ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஐபிவி6 வருகிறது, அதனால் இந்தக் குறையும் கூடியிருக்கிறது. ரவுட்டரின் லேன் அமைப்பில் ஐபிவி6 டிஎன்எஸ் கட்டம் இருந்தால் அங்கே பையின் ஐபிவி6 முகவரியைக் கொடுங்கள். கட்டமே இல்லையென்றால் உள்நெட்வொர்க்குக்கு ஐபிவி6-ஐ நிறுத்திவிடுவதே எனக்குத் தெரிந்த சுலபமான வழி. சின்னக் கடைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

மூன்றாவது, எல்லாம் மாற்றியும் பழைய முகவரியே இருக்கும். ரவுட்டரிடம் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாடு) வழியாக வாங்கிய முகவரிக்கு ஒரு தவணைக் காலம் உண்டு, அதில் பாதி கழியும்வரை கருவி பெரும்பாலும் புதிதாகக் கேட்காது. வைஃபையை அணைத்துப் போடுங்கள், அல்லது கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். பிறகு 'ஐபிகான்ஃபிக்', சாய்கோடு, 'ஃப்ளஷ்டிஎன்எஸ்'.

இணைப்பு கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன பெட்டியில் டிஎன்எஸ் மாற்றும் இடமே பூட்டியிருக்கிறது என்றும் நிறையப் பேர் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தப் பெட்டியில் டிஎச்சிபியை அணைத்து, பை-ஹோலின் டிஎச்சிபியை இயக்குங்கள். பைக்கு நிலையான முகவரி முதலில் வைத்துவிட வேண்டும். இரண்டு டிஎச்சிபியும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஓடினால் காலையில் ஒரு கம்ப்யூட்டரில் விளம்பரம் வரும், மாலையில் வேறொன்றில் வரும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

"எல்லாத்துலயும் போச்சு, என் போன்ல மட்டும் வருது"

முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். வைஃபை சிக்னல் மெலிந்த மூலையில் போன் டேட்டாவுக்குத் தாவியிருக்கலாம்.

அதுவும் இல்லையென்றால் ஆண்ட்ராய்டின் நெட்வொர்க் அமைப்பில் 'பிரைவேட் டிஎன்எஸ்'. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இது இருக்கிறது. 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்தால் பயமில்லை. நெட்வொர்க் தரும் சர்வரிடம் மறையாக்க வழியில் பேசிப் பார்க்கும், அது இல்லையென்றால் சாதாரண வழிக்கு வந்துவிடும். சர்வரின் பெயர் எழுதியிருந்தால் போன் நேரே அங்கேதான் போகும், பையைத் திரும்பிப் பார்க்காது. கடையின் போன் என்றால் அழித்துவிடலாம். வாடிக்கையாளரின் போன் என்றால் அது அவர் விருப்பம், கை வைக்காதீர்கள். சிலர் ரவுட்டரில், மறையாக்க டிஎன்எஸ் போகும் 853 என்ற போர்ட்டை (வாசல் எண்ணை) அடைக்கச் சொல்வார்கள். அடைத்தால் அந்தப் போனில் இணையமே வராது, "உங்க வைஃபை சரியில்லை" என்றுதான் அவர் போவார்.

ஐபோனில் பணம் கட்டும் ஐகிளவுட் சந்தாதாரர்களுக்கு 'பிரைவேட் ரிலே' உண்டு, இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் வசதி அது. அதைப் பை-ஹோல் இயல்பாகவே தடுக்கிறது. போனில் ஓர் எச்சரிக்கை வரும், அது கோளாறு இல்லை. பயர்பாக்ஸும் அப்படித்தான்: மறையாக்க டிஎன்எஸ் தானாக இயங்கும் நிலையில் இருந்தால் பை-ஹோல் கொடுக்கும் சைகையைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். ஒருவர் தன் கையால் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தச் சைகை செல்லாது. குரோமில் 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற இடத்தில் யாராவது ஒரு நிறுவனத்தைத் தேர்வு செய்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

"யூடியூப்ல மட்டும் நிக்க மாட்டேங்குது"

நிற்காது. வீடியோவும் விளம்பரமும் 'கூகுள்வீடியோ' என்ற ஒரே குடும்பப் பெயர் உள்ள சர்வர்களிலிருந்து வருகின்றன. பெயரை வைத்துத் தடுக்கும் ஒரு கருவியால் அரிசியையும் கல்லையும் அங்கே பிரிக்க முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளுக்கு நடுவில் வரும் விளம்பரமும் இதே கதை. நிறுத்துகிறேன் என்று யாராவது ஒரு பட்டியலைக் கொடுத்தால் போடாதீர்கள். ஒரு வாரத்தில் வீடியோ திணறத் தொடங்கும். கம்ப்யூட்டரில் பயர்பாக்ஸ் வைத்து அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு நீட்சியைச் சேருங்கள். அது பக்கத்துக்கு உள்ளேயே வேலை செய்வதால் பிரித்துப் பார்க்க முடியும். குரோமில் பழைய யூபிளாக் ஆரிஜின் இப்போது ஓடாது, 'லைட்' என்ற சுருங்கிய வடிவம்தான்.

"பணம் கட்டுற பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு"

இந்த அழைப்பு வந்தால் நான் சாப்பாட்டை விட்டும் எழுந்துவிடுவேன். விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணம் கடைசி நாளில் நின்றுபோவது வேறு விஷயம்.

முதலில் பை-ஹோல் பக்கத்தில் தடுப்பை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அந்தப் பக்கத்தை மூடி, பிரவுசரையும் மூடித் திறந்து, மறுபடி முயலுங்கள். இப்போதும் சுற்றுகிறது என்றால் குற்றம் நம்மிடம் இல்லை. அந்தத் தளத்துக்கே அன்று கூட்டம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒரு மணி நேரம் பையை நோண்டியவர்கள் உண்டு.

ஓடிவிட்டது என்றால் முதலில் அந்தக் கட்டணத்தைக் கட்டி முடியுங்கள், ஆராய்ச்சி பிறகு. கட்டியபின் தடுப்பை மறுபடி இயக்கி, 'குவெரி லாக்' என்ற பக்கத்தைத் திறங்கள். பக்கத்தில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கட்டணப் பக்கம் வரை மட்டும் போய், பட்டனை அழுத்திய நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். லாக்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியை மட்டும் வடிகட்டி, அந்த நொடியைச் சுற்றிச் சிவப்பில் இருப்பதைப் பாருங்கள். போச்சம்பள்ளியில் அப்படிப் பார்த்தபோது மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டு, ஆட்களைப் பின்தொடர்ந்து எண்ணும் சர்வர்கள். எந்தத் தளத்திலும் இருக்கும். மூன்றாவது பெயர் அந்தக் கட்டணப் பக்கத்தில் மட்டும்தான் வந்தது. பணம் கட்டுவது மனிதர்தானா என்று சரிபார்க்கும் சர்வர் அது. அதையும் பின்தொடரும் கூட்டத்தில் சேர்த்துப் பட்டியல்காரர்கள் தடுத்திருந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் 'அலோ' கொடுத்தேன். மூன்றையும் திறந்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் ஆறு மாதத்தில் தடுப்பு என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

அனுமதித்த உடனே பலன் தெரியாவிட்டால் ஒரு நிமிடம் பொறுங்கள். தடுத்த பதிலை இரண்டு நொடிதான் வைத்துக்கொள் என்று பை-ஹோல் சொல்லியனுப்புகிறது, பிரவுசர்கள் அதைவிடக் கொஞ்சம் நேரம் பிடித்துவைத்திருக்கும்.

இது அடிக்கடி நடந்தால் பட்டியல் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள். ஹாகெசி என்ற தடுப்புப் பட்டியல் லைட், நார்மல், புரோ என்று படிப்படியாக வருகிறது. வீட்டுக்குப் புரோ சரி. முன்பின் தெரியாத தளங்களை நாள் முழுக்கத் திறக்கும் சேவை மையத்துக்கு நார்மலுக்கு மேல் போக மாட்டேன்.

இதோடு சேர்த்து ஒன்று. கூகுளில் தேடி முதலில் வரும் முடிவை அழுத்தினால் பக்கம் திறக்கவில்லை என்பார்கள். அந்த முதல் முடிவு காசு கொடுத்து வைத்த விளம்பரம், அதனால்தான் திறக்கவில்லை. இதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. அரசு சேவையின் பெயரைத் தேடினால் சில நேரம் மேலே வருவது, சும்மா கிடைக்கும் படிவத்துக்குக் காசு வாங்கும் இடைத்தரகர் தளம். கீழே இறங்கி உண்மையான முகவரியைப் பார்க்கக் கடையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம்.

"தம்பி, சந்தை அன்னைக்கு மட்டும் நெட்டு நிக்குது"

அக்கா இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பழுதாகும் கருவி உண்டா? மூன்று வாரம் தொடர்ந்து சொன்னார். "ஒரு நிமிஷம் நிக்குதுப்பா, அப்புறம் தானா வருது, மறுபடி நிக்குது." சந்தை நாளிலேயே பஸ் ஏறினேன். ஆடும் கோழியும் தக்காளிக் கூடையுமாக ரோடு நிறைந்திருந்தது, கடைக்குள் கால் வைக்க இடமில்லை. காத்திருப்பவர்கள் எல்லோரும் கடை வைஃபையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பை-ஹோலின் 'டயக்னோசிஸ்' பக்கத்தில் செய்தி அப்படியே இருந்தது: 192.168.1.1 என்ற முகவரிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஒரு கருவி 60 நொடிக்குள் 1000 கேள்விக்கு மேல் கேட்டால், மீதி நேரத்துக்குப் பை-ஹோல் பதில் மறுத்துவிடும். இது இயல்பான அமைப்பு, நல்லதும்கூட. ஆனால் 192.168.1.1 ரவுட்டர். தொடக்கத்தில் நான் செய்த தவறு இது. ரவுட்டரின் வெளிப்பக்க டிஎன்எஸ்ஸாகப் பையைக் கொடுத்திருந்தேன். போன்கள் ரவுட்டரிடம் கேட்டன, ரவுட்டர் அத்தனை கேள்வியையும் தன் பெயரில் பையிடம் கேட்டது. முப்பது போனும் ஆறு கம்ப்யூட்டரும் பைக்கு ஒரே ஆளாகத் தெரிந்தன. சாதாரண நாளில் ஆயிரம் தாண்டவில்லை, சந்தை நாளில் தாண்டியது.

உச்ச வரம்பைக் கூட்டலாம், அது வலிக்கு மாத்திரை. டிஎச்சிபி வழியாக ஒவ்வொரு கருவிக்கும் பையின் முகவரியே நேராகப் போகும்படி மாற்றினேன். அதன்பின் நிற்கவில்லை. லாக்கிலும் எந்தக் கம்ப்யூட்டர் எதைக் கேட்டது என்று தனித்தனியாகத் தெரிந்தது. உங்கள் லாக்கில் ஒரே ஒரு முகவரிதான் இருக்கிறது என்றால், இன்னும் பழுது தெரியாவிட்டாலும், இப்போதே மாற்றிவிடுங்கள்.

"ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல எழுதினேன், ஒண்ணும் ஆகல"

ஒரே ஒரு கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்குப் பை எதற்கு? சந்தூர் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைலே (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதிவைக்கும் ஃபைல்) போதுமாக இருந்தது. வேலை செய்யாவிட்டால் பெயரைப் பாருங்கள். நோட்பேட் சேமிக்கும்போது பின்னால் 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டியிருக்கும், ஃபைல் வால் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு ஒரு குடும்பத்தையே தடுக்க இதில் முடியாது, ஒவ்வொரு பெயராக எழுத வேண்டும். சோதிக்க என்எஸ்லுக்அப் உதவாது, அது ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்ப்பதில்லை. பிங் அடித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் பெயர்களை அதில் எழுதினால் டிஃபெண்டர் அதை ஆபத்து என்று சொல்லி அழித்துவிடும்.

"டிவி மட்டும் அடங்கல"

சில டிவிகளிலும் டிவிப் பெட்டிகளிலும் 8.8.8.8 உள்ளேயே எழுதப்பட்டிருக்கும், நீங்கள் கொடுப்பதைக் கேட்காது. மைக்ரோடிக் அல்லது ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர் என்றால், சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53 போர்ட்டில் வெளியே போகும் எல்லாவற்றையும் பைக்குத் திருப்பிவிடும் விதி ஒன்று போதும். பையின் சொந்தக் கேள்விகளை மட்டும் விதியிலிருந்து விலக்குங்கள், இல்லையென்றால் தன்னையே சுற்றும். இணைப்போடு வந்த பெட்டியில் இதற்கு வழி இருப்பது அபூர்வம்.

"லாக்ல தெரியாத ஊரு நம்பரெல்லாம் இருக்கு"

உங்கள் நெட்வொர்க்கைச் சேராத வெளி முகவரிகள் கேள்வி கேட்கின்றன என்றால் (192.168, 10, 127 என்று தொடங்குபவை உள்ளே இருப்பவை) கேபிளை உடனே பிடுங்குங்கள். ரவுட்டரில் யாரோ 53 போர்ட்டை வெளியே திறந்துவிட்டிருக்கிறார்கள், அல்லது பையை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து நேரே எட்டும்படி திறந்துவிடும் அமைப்பில்) வைத்திருக்கிறார்கள். திறந்து கிடக்கும் டிஎன்எஸ் சர்வரை மற்றவர்களைத் தாக்கப் பயன்படுத்துவார்கள். மூடிவிட்டு, பை-ஹோலில் உள்ளூர்க் கேள்விகளுக்கு மட்டும் பதில் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வெளியூரிலிருந்தும் உங்கள் பை வேண்டுமென்றால் அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் இருக்கிறது.

"பொங்கல் லீவு முடிஞ்சு கடை திறந்தா எதுவுமே திறக்கல"

நான்கு நாள் கரண்ட் அணைத்து வைத்திருந்த கடை. ராஸ்பெரி பை 4 வரை உள்ள மாடல்களில் கரண்ட் இல்லாதபோது நேரம் ஓட்டும் கடிகாரம் கிடையாது. எழுந்தவுடன் அது அணைத்த நாளில்தான் இருக்கும். பை-ஹோலில் டிஎன்எஸ்செக் (பதில் போலியா என்று கையெழுத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி) இயக்கியிருந்தால், பதில்களில் உள்ள கையெழுத்தின் தேதி நாளைக்கு உரியது என்று எண்ணி எல்லாப் பதிலையும் தள்ளிவிடும். லாக்கில் 'போகஸ்' என்று வரிசையாக வரும். நேரத்தைச் சரிசெய்ய நேர சர்வரின் பெயரைக் கேட்க வேண்டும், அந்தப் பதிலையும் அதுவே தள்ளும்.

போனில் சொல்லிச் சரிசெய்ய: பையில் 'டேட்' கட்டளையால் தேதியைக் கையால் வையுங்கள், உடனே எல்லாம் ஓடும். நிரந்தரமாக: நேர சர்வரைப் பெயராக இல்லாமல் எண்ணாகக் கொடுங்கள், கூகுளின் நேர சர்வர் 216.239.35.0. அல்லது டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரப் பலகையைச் செருகுங்கள். பை 5இல் கடிகாரம் உண்டு, அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

பையே எழவில்லை, பச்சை விளக்கு மின்னவில்லை என்றால் பெரும்பாலும் எஸ்டி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் அதற்கு எமன். நம் பக்கம் கோடையில் கரண்ட் போவது புதிதில்லை, அதனால் ரவுட்டருக்கு வாங்கும் சின்ன யுபிஎஸ்ஸிலேயே பைக்கும் ஒரு வயர் கொடுத்துவிடுங்கள். பை கேட்கும் 5 வோல்ட் அதில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொன்றையும் இன்றே செய்யுங்கள்: பை-ஹோலின் 'டெலிபோர்ட்டர்' பக்கத்தில் எக்ஸ்போர்ட் கொடுத்து, வரும் ஃபைலைக் கடை மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். போன மே மாதம் அக்காவின் கார்டு போனபோது புதுக் கார்டில் பை-ஹோல் போட்டு அந்த ஃபைலை உள்ளே இழுத்தோம். அனுமதித்த பெயர்கள், பட்டியல்கள் எல்லாம் இருந்த இடத்தில் வந்து நின்றன. நான் கிருஷ்ணகிரியை விட்டு நகரவே இல்லை, போனிலேயே முடிந்தது.